மருமகளின் டைம் கார்டு

என் அப்பாவுக்கு பாட்டில் கம்பெனியில் ‘அரைநாள்’ என்று பெயர். பெற்றவர்கள் ஆசையாக வைத்த பெயர் சம்பளப் பட்டியலோடு சரி. அந்தக் கம்பெனியின் டைம் ஆபீசில் முப்பது வருஷத்துக்கும் மேல் குப்பை கொட்டினார். கேட்டை ஒட்டி பஞ்ச் மெஷின், அதற்குப் பக்கத்தில் கம்பி போட்ட ஜன்னல், ஜன்னலுக்குப் பின்னால் அவர். வருகிற ஆள் கார்டைச் செருகினால் மெஷின் டக்கென்று நேரத்தை அடிக்கும். பத்து நிமிஷம் வரை மன்னிப்பு. அதற்கு மேல் ஒரு நிமிஷம் போனாலும் அரை நாள் சம்பளம் காலி. மழை கொட்டியது, பஸ் வரவில்லை, பிள்ளைக்குக் காய்ச்சல் என்று எதைச் சொன்னாலும் அந்த ஜன்னலில் வேகாது. “அரைநாள் உட்கார்ந்திருக்காருடா, ஓடு!” என்று ஆட்கள் அலறியடித்துக்கொண்டு ஓடுவதைச் சின்ன வயதில் நானே பார்த்திருக்கிறேன்.

“ஏம்ப்பா, பாவமா இல்லையா?” என்று கேட்டால், “நானா வெட்டறேன்? மணி வெட்டுது. நான் எழுதறேன், அவ்வளவுதான்” என்பார். அதை நம்பித்தான் சொன்னார். யாரிடமும் ஒரு டீ வாங்கிக் குடித்ததில்லை, யாரையும் மரியாதைக் குறைவாகப் பேசியதில்லை. வைதவர்கள்கூட அவர் முகத்துக்கு நேரே வையவில்லை. வீட்டிலும் அதே ராஜ்ஜியம்தான். என் கல்யாணத்துக்கு மாப்பிள்ளை வீட்டார் தாமதமாக வந்தார்கள் என்று மண்டப வாசலில் நின்று சம்பந்தியிடமே கைக்கடிகாரத்தைத் திருப்பிக் காட்டிய மனிதர் அவர். என் மாமியார் சாகும்வரை அதைச் சொல்லிக் காட்டிக்கொண்டிருந்தார்.

எனக்கும் அவர்மேல் ஒரு பழைய கோபம் உண்டு. பள்ளிக்கூடக் கடைசிப் பரீட்சையில் கணக்கில் மட்டும் நான் தவறிவிட்டேன். இன்னொரு தரம் எழுதுகிறேன் என்று அழுதேன், பட்டினி கிடந்தேன். “போனது போனதுதான்” என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டுத் தையல் வகுப்பில் கொண்டுபோய்ச் சேர்த்தார். இன்றைக்கும் நான் பள்ளிச் சீருடை தைத்துத்தான் பிழைக்கிறேன். எந்தப் பிள்ளையாவது புதுச் சீருடையைப் போட்டுப் பார்த்துக் கண்ணாடி முன்னால் நிற்கும்போது எனக்கு உள்ளுக்குள் என்னவோ செய்யும். அதை நான் யாரிடமும் மறைத்ததில்லை, அப்பாவிடம்கூட.

கம்பெனியிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு, அம்மாவும் போய்ச் சேர்ந்த பிறகு, அவர் என் தம்பி வீட்டில் இருந்தார். என் வீடு அங்கிருந்து இரண்டு தெரு தள்ளி. தம்பி கூரியர் வண்டி ஓட்டுகிறான். அவன் மனைவி ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் வார்டு உதவியாளர். அவளும் நர்சிங் படித்தவள்தான். ஆனால் படித்து முடித்தால் மட்டும் போதாது, பதிவுக்கென்று ஒரு பரீட்சை எழுதித் தேற வேண்டும். தேறினால் நர்ஸ். தேறாவிட்டால் கடைசிவரை நோயாளியின் மலச்சட்டியைத் தூக்கிக்கொண்டு, தன்னைவிடச் சின்னப் பெண்கள் சொன்ன வேலையைச் செய்துகொண்டு கிடக்க வேண்டியதுதான். மூன்று முறைக்கு மேல் எழுத விட மாட்டார்கள். அவள் இரண்டு முறை கோட்டை விட்டிருந்தாள்.

இரண்டாவது முறை முடிவு வந்த அன்று நானும் அங்கே இருந்தேன். எல்லோரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது அவள் கையைத் தட்டிலேயே வைத்துக்கொண்டு அழுதாள்.

“தினமும் நாலு மணி நேரம் படிச்சேன் மாமா. ஒரு நாள் விடல. மண்டையில ஏற மாட்டேங்குது. என் மண்டை அவ்வளவுதான்.”

மறுபடி அவள் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு உட்கார்ந்த நாளில், அப்பா கூடத்தில் தன் நாற்காலியைச் சற்றுத் திருப்பிப் போட்டுக்கொண்டார். பேப்பர் படிக்கிறார் என்றுதான் எல்லோரும் நினைத்தோம். அன்று சாப்பாட்டு வேளையில் தொண்டையைச் செருமிக்கொண்டு அறிவித்தார்.

“நாப்பது நிமிஷம்.”

“எது மாமா?”

“நீ படிச்சது. புத்தகம் திறந்து கிடந்தது நாலு மணி நேரம், வாஸ்தவம். நீ அதுக்கு முன்னாடி இருந்தது நாப்பது நிமிஷம்.” விரல் விட்டு எண்ணிச் சொல்ல ஆரம்பித்தார். “கேஸ்காரன் வந்தான், எழுந்தே. குட்டி பென்சிலைக் காணோம்னா, எழுந்தே. இவன் போன்ல, சார்ஜர் எங்கேன்னான், எழுந்தே. பக்கத்து வீட்டம்மா குடையைத் திருப்பிக் கொடுக்க வந்து நின்னு கதை அடிச்சா. அடுப்பைப் பார்க்க ஒம்பது தடவை. நான் ஒரு தடவை டீ கேட்டேன். அதையும் சேர்த்துத்தான் சொல்றேன்.”

அவளுக்கு முதலில் சுருக்கென்று கோபம் வந்தது. முகம் சிவந்துவிட்டது. பிறகு மெதுவாகக் கேட்டாள்.

“அப்போ என் மண்டை மேல தப்பில்லையா மாமா?”

“மண்டை இன்னும் வேலைக்கே வரலம்மா. வராத ஆளைப் போய் எப்படித் திட்டறது?”

அவள் அழுகையோடு சிரித்துவிட்டாள். குட்டிக்கு, அதுதான் அவளுடைய பெண்ணுக்கு, என்ன புரிந்ததோ, அதுவும் சிரித்தது.

மறுநாளே அப்பா தன் இரும்புப் பெட்டியைக் குடைந்து, கம்பெனியில் மீந்துபோன பழைய டைம் கார்டுக் கட்டு ஒன்றை எடுத்துவந்தார். ஒரு பக்கம் ‘உள்ளே’, மறு பக்கம் ‘வெளியே’. பஞ்ச் மெஷினுக்குப் பதில் பென்சில். அவள் அறைக்குள் போய் உட்கார்ந்தால் ‘உள்ளே’. கதவைத் தாண்டினால், போனை எடுத்தால், உட்கார்ந்த இடத்திலேயே யாரோடாவது பேசினால்கூட ‘வெளியே’. சலுகை கிடையாது. ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். இந்த முறை அவர் எழுதுவதோடு நிற்கவில்லை. அவளை எழுப்புகிற காரியங்களை எல்லாம் ஒவ்வொன்றாகத் தன் தலையில் இழுத்துப் போட்டுக்கொண்டார். வென்னீர்கூட வைத்தறியாத மனிதர் அடுப்புப் பற்றவைக்கக் கற்றுக்கொண்டார். அவர் போட்ட முதல் டீயைக் குடித்துவிட்டு நான், “ஏம்ப்பா, இதுக்கு அரை நாள் வெட்டலாம்” என்றேன். யாராவது கதவைத் தட்டினால் அவர் ஓடினார். குட்டியைக் கையில் பிடித்துக்கொண்டு தெருமுனைப் பூங்காவுக்கு நடந்தார். என் தம்பி வேலையிலிருந்து வந்ததும் வராததுமாகச் சட்டை எங்கே, சாக்ஸ் எங்கே என்று அறைப் பக்கம் போனால் இவர் குறுக்கே நிற்பார்.

“ஆள் உள்ளே இருக்கு. ஷிப்ட் முடிஞ்சு வந்து கேளு.”

“என் பொண்டாட்டிகிட்ட பேச கேட் பாஸ் வேணுமா?”

“ஆமா, வேணும்.”

கார்டில் நேரம் ஏறத் தொடங்கியது. நாற்பது நிமிஷம் ஒரு மணி நேரமாகி, இரண்டாகி, ஆஸ்பத்திரியில் பகல் வேலை முடித்து வருகிற நாள்களிலும் இரண்டு மணி நேரத்துக்குக் குறையாமல் நின்றது. அவளும் ஆள் மாறிவிட்டாள். படித்ததைச் சமையலறையில் தனக்குத்தானே சொல்லிக்கொண்டு நடந்தாள். வாரக் கடைசியில் அப்பா கார்டைக் கூட்டிப் பார்த்துத் தொகையைச் சொல்வார். நல்ல தொகை என்றால் அவள் முகம் மலரும். குறைந்துவிட்டால் இரண்டு பேருமே சோர்ந்து போவார்கள். அந்த வீட்டில் அப்போதெல்லாம் ஒரு நல்ல சந்தடி இருந்தது.

எனக்குப் பொறாமையாக இருந்தது. வேறு எப்படிச் சொல்வது? ஒரு நாள் அவர் பென்சில் சீவிக்கொண்டிருக்கும்போது கேட்டே விட்டேன்.

“எனக்கு ஏம்ப்பா இப்படிப் பார்க்கல?”

அவர் பென்சிலை நிறுத்தவில்லை. “அப்ப எனக்கு ஷிப்ட் இருந்துச்சும்மா” என்றார்.

இவ்வளவுதான் பதில். சண்டை போட வேண்டிய பதில். ஆனால் அவர் பொய் சொல்லவில்லை. எந்த நேரமும் அவர் அந்தக் கம்பி ஜன்னலுக்குப் பின்னால்தான் இருந்தார், என்னைப் பார்க்க அவர் வீட்டில் இருந்ததே இல்லை. நான் எழுந்து வந்துவிட்டேன்.

அவள் இரண்டு முறை தவறியதற்கு வேறொரு காரணத்தையும் அப்பா கண்டுபிடித்தார். “பரீட்சை ஹாலை விட்டு எப்ப வெளிய வந்தே?” என்று துருவித் துருவிக் கேட்டபோது அது வெளிப்பட்டது. இரண்டு முறையும் இவள் மணி அடிக்கும் முன்பே தாளைக் கொடுத்துவிட்டு ஓடி வந்திருக்கிறாள்.

“முடிச்சுட்டேன் மாமா. குட்டி தனியா இருப்பாளேன்னு வந்துட்டேன்.”

“எழுதினதைத் திரும்பப் படிச்சியா?”

“இல்ல.”

“எத்தனை மார்க்குல போச்சு?”

“நாலு மார்க்கு.”

அப்பா தலையில் கை வைத்துக்கொண்டார். அதிலிருந்து ஞாயிற்றுக்கிழமை மதியம் வீட்டிலேயே முழுப் பரீட்சை என்று ஆனது. பழைய கேள்வித்தாளை வைத்துக்கொண்டு இரண்டு மணிக்கு அவள் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வாள். ஐந்து மணிக்கு அலாரம் அடிக்கும்வரை வெளியே வரக் கூடாது. கதவுக்கு வெளியே நாற்காலியில் அப்பா. தம்பி குட்டியைக் கூட்டிக்கொண்டு எங்கேயாவது போய்விட வேண்டும்.

“முடிச்சாலும் எழுந்திரிக்காதே. திரும்பப் படி. அதுவும் முடிஞ்சுதா, சும்மா உட்காரு. வீடு பத்தி எரிஞ்சாலும் நான் பார்த்துக்கறேன், நீ மணி அடிக்கிற வரைக்கும் எழுந்திரிக்கக் கூடாது. உடம்பு அதுக்குப் பழகணும்” என்பார்.

முதல் இரண்டு வாரம் அவளால் முடியவில்லை. நாற்காலி நகர்கிற சத்தம் வெளியே கேட்கும். அப்பா கதவை ஒரு தட்டு தட்டுவார். சத்தம் நின்றுவிடும். பிறகு பழகிவிட்டது.

பரீட்சைக்கு ஒன்றரை மாதம் இருக்கும்போது ஒரு ஞாயிற்றுக்கிழமை அலாரம் அடித்தது. வழக்கமாக அப்பா அதை இரண்டாவது தரம் அடிக்க விட மாட்டார், தலையில் தட்டி நிறுத்திவிடுவார். அன்று அது நிற்காமல் அடித்துக்கொண்டே இருந்தது. அவள் கதவைத் திறந்து பார்த்தாள். அப்பா நாற்காலியில் ஒருக்களித்துச் சாய்ந்திருந்தார். வலது கை கைப்பிடிக்கு வெளியே தொங்கியது, பென்சில் தரையில் கிடந்தது, வாய் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டு எச்சில் வழிந்திருந்தது. கண் திறந்திருந்தது. அவளைப் பார்த்ததும் ஏதோ சொல்ல முயன்றார், சொல் வரவில்லை.

அவளுக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. வார்டில் எத்தனை பேரை இப்படிப் பார்த்திருக்கிறாள். ஆம்புலன்சுக்குப் போன் போட்டு, எங்களுக்குப் போன் போட்டு, அவர் நாக்கு உள்ளே விழாமல் பக்கவாட்டில் படுக்கவைத்து, எல்லாம் சரியாகச் செய்தாள். பக்கத்து ஆஸ்பத்திரியில் ஸ்கேன் ஆள் விடுமுறை. அங்கிருந்து பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர ஏழு மணி ஆகிவிட்டது. அங்கே இருந்த டாக்டர் பெண் கேட்ட முதல் கேள்வியே இதுதான்.

“எப்ப ஆரம்பிச்சுது?”

நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம்.

“தெரியல டாக்டர். நான் உள்ள இருந்தேன்” என்றாள் என் தம்பி மனைவி.

“கடைசியா நல்லா இருந்ததை எப்ப பார்த்தீங்க?”

“ரெண்டு மணிக்கு.”

அந்த டாக்டர் பெண்ணின் முகம் வாடிவிட்டது. மூளையில் அடைத்த ரத்தக் கட்டியைக் கரைக்க ஒரு ஊசி இருக்கிறதாம். தொடங்கிய நான்கரை மணி நேரத்துக்குள் போட வேண்டுமாம். தொடங்கிய நேரம் தெரியாவிட்டால், கடைசியாக நன்றாக இருந்த நேரத்திலிருந்துதான் எண்ணுவார்களாம். இரண்டிலிருந்து எண்ணினால் நேரம் தாண்டிவிட்டது. தாண்டிய பிறகு போட்டால் உயிருக்கே ஆபத்து. ஊர் முழுக்க வந்தவன் போனவன் நேரத்தை நிமிஷம் பிசகாமல் எழுதிய மனிதர் ஸ்ட்ரெச்சரில் கிடக்கிறார். அவருக்கு நேர்ந்தது எத்தனை மணிக்கு என்று சொல்ல எங்கள் யாருக்கும் தெரியவில்லை. ஊசி போடவில்லை.

உயிர் தப்பியது. வலது பக்கம் தப்பவில்லை. ஒரு வாரம் கழித்துப் பேச்சு துண்டு துண்டாகத் திரும்பி வந்தது. அன்று படுக்கைக்குப் பக்கத்தில் நான் ஒரு பக்கம், அவள் ஒரு பக்கம். அவள் அவர் கையைத் தேய்த்துக்கொண்டே கேட்டாள்.

“மாமா, அன்னிக்கு எப்ப ஆரம்பிச்சுது? உங்களுக்குத் தெரிஞ்சுதா?”

அவர் யோசிக்கவே இல்லை.

“நாலு... பத்து.”

அவள் தேய்ப்பதை நிறுத்தினாள். அவள் உதடு முணுமுணுப்பதைப் பார்த்தேன். நாலு பத்திலிருந்து ஏழு மணி. மூன்று மணி நேரம்கூட ஆகவில்லை. தாராளமாக ஊசி போட்டிருக்கலாம்.

“கூப்பிட்டிருக்கலாமே மாமா. அப்ப கதவைத் தட்டியிருக்கலாமே. இடது கை நல்லாத்தானே இருந்துச்சு?”

அவர் அவளை ஏதோ சின்னப் பிள்ளை கேட்கக் கூடாததைக் கேட்டுவிட்டது போலப் பார்த்தார்.

“நீ... உள்ளே... இருந்தே” என்றார்.

அவள் வெளியே ஓடி, தாழ்வாரச் சுவரில் நெற்றியை வைத்துக்கொண்டு அழுதாள். அப்படி ஒரு அழுகையை நான் கேட்டதில்லை. எனக்கு அழுகை வரவில்லை, கோபம் பொங்கிக்கொண்டு வந்தது. முட்டாள் மனுஷா என்று மனசுக்குள் திட்டினேன். ஐம்பது நிமிஷம். ஒரு கதவு. கதவுக்கு அந்தப் பக்கம் அவரைக் காப்பாற்றத் தெரிந்த ஒரே ஆள். இவர் அவளுடைய நேரம் கெட்டுவிடக் கூடாது என்று எச்சில் ஒழுக உட்கார்ந்திருந்திருக்கிறார். எனக்காக ஐந்து நிமிஷம் உட்காராதவர் என்ற நினைப்பும் அந்த நேரத்தில் கூடவே வந்தது. மனசு அப்படித்தான், நல்ல நேரம் கெட்ட நேரம் பார்ப்பதில்லை.

வீட்டுக்கு அழைத்துவந்த பிறகு அவள் புத்தகங்களைக் கட்டிப் பரணில் போட்டுவிட்டாள். நான் சண்டைக்குப் போனேன்.

“நீ எழுதலேன்னா அவர் அன்னிக்கு உட்கார்ந்திருந்தது எதுக்குடி? வீணாத்தானே போச்சு?”

“நான் கேட்டேனா அண்ணி? எனக்காக வாயை மூடிக்கிட்டு உட்காருங்கன்னு நான் கேட்டேனா?” என்று அவள் கத்தினாள். என் முன்னால் அவள் குரல் உயர்ந்தது அதுதான் முதல் தடவை. “எனக்கு இந்த நர்ஸ் வேலையே வேணாம். ஒரு மனுஷன் கதவுக்கு வெளியே விழுந்து கிடக்கறது தெரியாம அன்னிக்குக் கேள்வித்தாள்ல வந்த பக்கவாதத்தைப் பத்தியே உள்ள எழுதிக்கிட்டு இருந்திருக்கேன்.”

அதற்குப் பதில் அப்பாவிடம் இருந்தது. அவள் சாப்பாடு ஊட்ட வந்தால் வாயைத் திறக்க மறுத்தார். நான் ஊட்டினால் சாப்பிட்டார், தம்பி ஊட்டினால் சாப்பிட்டார், அவள் வந்தால் உதட்டை இறுக்கிக்கொண்டு இடது கையால் பரணைக் காட்டினார். இரண்டு நாள் பார்த்தாள். மூன்றாம் நாள் ஸ்டூல் போட்டு ஏறிப் புத்தகக் கட்டை இறக்கினாள். ஒரு கையில் புத்தகமும் ஒரு கையில் கரண்டியுமாக அவள் உட்கார்ந்த பிறகுதான் அந்தப் பிடிவாதக்கார மனிதர் வாயைத் திறந்தார்.

அதற்குப் பிறகு அந்த வீட்டில் கார்டு இல்லை. யாரும் நேரம் குறிக்கவில்லை. கதவைச் சாத்த அவள் விடவே இல்லை. அப்பாவின் கட்டிலை ஒட்டியே உட்கார்ந்து படித்தாள். அவரைப் புரட்டிப் படுக்க வைக்க எழுந்தாள், வாயைத் துடைக்க எழுந்தாள், குட்டி கூப்பிட்டால் எழுந்தாள். அவர் ஒவ்வொரு முறையும் முகத்தைச் சுளிப்பார். “கோபப்பட்டா படுங்க மாமா” என்பாள். சில சமயம் அவருக்கே பாடத்தைப் படித்துக் காட்டுவாள். அவருக்குப் புரிந்ததோ இல்லையோ, தலையை ஆட்டிக்கொண்டே கேட்பார். நான் போகும்போதெல்லாம் அவர்கள் இரண்டு பேரையும் அப்படித்தான் பார்த்தேன்.

பரீட்சைக்குப் பத்துப் பதினைந்து நாள் இருக்கும்போது அப்பாவுக்குச் சாப்பாடு புரையேறி நெஞ்சில் சளி கட்டியது. காய்ச்சல் விடவில்லை. ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். சில நாள் வைத்திருந்துவிட்டு, “வீட்டிலேயே வச்சுப் பார்த்துக்குங்க” என்றார்கள். அதற்கு என்ன அர்த்தம் என்று எங்கள் எல்லோருக்கும் தெரியும், அவளுக்கு எங்களைவிட நன்றாகவே தெரியும்.

பரீட்சை அன்று காலையில் நான் போனபோது அவள் குளித்து உடுத்தித் தயாராக இருந்தாள், ஆனால் கட்டிலை விட்டு நகரவில்லை. அப்பாவின் மூச்சு விட்டுவிட்டு வந்துகொண்டிருந்தது. நாலைந்து மூச்சு வேகமாக, பிறகு ஒன்றுமே இல்லாத ஒரு இடைவெளி, பிறகு மறுபடியும். அவள் நெஞ்சில் காதை வைத்துக் கேட்டாள். நாடி பார்த்தாள். என்னைச் சமையலறைப் பக்கம் இழுத்துக்கொண்டு போய்ச் சொன்னாள்.

“அண்ணி, இன்னிக்கு மாமா தாண்ட மாட்டார். நான் போகல.”

“உறுதியாச் சொல்றியா?”

“வார்டுல தினமும் பார்க்கிறேனே அண்ணி.”

தம்பி என்னைப் பார்த்தான். “நீ சொல்லுக்கா. எனக்கு ஒண்ணும் புரியல” என்றான். பேச்சு அப்பாவின் காதில் விழுந்துவிட்டது போலிருக்கிறது. கட்டிலிலிருந்து ஒரு சத்தம் வந்தது. மூன்று பேரும் ஓடினோம். கண்ணைத் திறந்து அவளைப் பார்த்தார். காய்ச்சல் கண்டதிலிருந்து பேச்சே நின்றுபோயிருந்தவரிடமிருந்து சொல் ஒன்று தெளிவாக வந்தது.

“போ.”

அவள் அவர் காலைப் பிடித்துக்கொண்டாள். “மாமா, நான் இங்கயே இருக்கேனே.” அவர் இடது கையைத் தூக்கி வாசலைக் காட்டினார். அவள் எழுந்திருக்கும்வரை அது கீழே இறங்கவில்லை. “போடி, நான் இருக்கேன்” என்றேன் நான். தம்பி வண்டியில் கொண்டுபோய் விட்டுவிட்டு வந்தான். பரீட்சை நடக்கும் பள்ளிக்கூடம் வண்டியில் கால் மணி நேரத் தூரம்தான். பாதி நேரம் ஆனபிறகு யார் வேண்டுமானாலும் தாளைக் கொடுத்துவிட்டு வெளியே வரலாம். அதை மனசில் வைத்துத்தான் நான் அவளை அனுப்பினேன். சீக்கிரம் முடித்துவிட்டு வந்துவிடுவாள் என்று நம்பினேன்.

அப்பா அடிக்கடி வாசல் பக்கம் கண்ணைத் திருப்பினார். “எழுதிக்கிட்டு இருக்காப்பா” என்று நான் ஒவ்வொரு முறையும் சொன்னேன். கண்ணை மூடிக்கொள்வார். கொஞ்ச நேரம் கழித்து மறுபடி திருப்புவார். வெளியே எந்த வண்டிச் சத்தம் கேட்டாலும் எனக்கும் திக்கென்றது. மூச்சு இடைவெளி நீண்டுகொண்டே போனது. ஒரு இடைவெளிக்குப் பிறகு அடுத்த மூச்சு வரவில்லை. காத்திருந்தேன், வரவில்லை. அவர் முகம் அப்போதும் வாசல் பக்கம் திரும்பித்தான் இருந்தது. தம்பி குழந்தை போலக் கேவி அழுதான். நான் அப்பாவின் கண்ணை மூடினேன். பிறகு அவனை அங்கேயே இருக்கச் சொல்லிவிட்டு, அவளை அழைத்துவர ஆட்டோ பிடித்துப் போனேன்.

அந்தப் பரீட்சையில் அவள் தேறிவிட்டாள். இப்போது அதே ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருக்கிறாள். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நான் இனிமேல் சொல்லப்போவது அதைப் பற்றி இல்லை.

நான் பள்ளிக்கூடக் கேட்டுக்கு வெளியே நின்றபோது மணி அடிக்க இன்னும் கொஞ்ச நேரம் இருந்தது. முடித்தவர்கள் ஒருவர் இருவராக வந்துகொண்டிருந்தார்கள். ஒருத்தி தண்ணீர் குடித்தாள், ஒருத்தி போனில் யாருக்கோ “ஈசிதான், ஈசிதான்” என்று சொல்லிக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு தலை தெரியும்போதும் எட்டிப் பார்த்தேன். அவள் இல்லை. கஷ்டமான கேள்விகள் போலும், எழுதி முடியவில்லை போலும் என்று நினைத்தேன். மணி அடித்தது. கூட்டம் முழுவதும் வெளியே வந்து கலைந்த பிறகு, கடைசியாக அவள் வந்தாள்.

என்னைப் பார்த்ததும் நின்றுவிட்டாள். தம்பி வராமல் நான் வந்திருக்கிறேன் என்பதே அவளுக்குப் போதுமாக இருந்தது. நான் வாயைத் திறக்க வேண்டியிருக்கவில்லை. கேட் ஓரத்து நடைபாதையில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

“நல்லா எழுதினேன் அண்ணி” என்றாள். “எல்லாம் தெரிஞ்ச கேள்விதான். சீக்கிரமே முடிச்சுட்டேன். திரும்பவும் படிச்சுப் பார்த்தேன். அதையும் முடிச்சுட்டேன்.”

“அப்ப ஏன்டி வரல?”

அவள் என்னைப் பார்க்கவில்லை. தன் உள்ளங்கைகளைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்.

“எழுந்திரிக்கணும்னுதான் நினைச்சேன். மாமா அங்க கிடக்கறார், எழுந்திரு எழுந்திருன்னு எனக்கு நானே சொல்லிக்கிட்டேன். பக்கத்துல இருந்தவங்க எல்லாம் எழுந்து போறாங்க. என் உடம்பு எழுந்திரிக்கல அண்ணி. மணி அடிக்கிற வரைக்கும் சும்மா உட்கார்ந்திருந்தேன்.”

அவளைக் கட்டிக்கொண்டு நான் அழுதேன். அப்பாவுக்காக அன்று நான் அழுத முதல் அழுகை அதுதான். எத்தனை மணிக்கு எழுதி முடித்தாய் என்று அவளிடம் கேட்க நாக்கு நுனி வரை வந்தது. கேட்கவில்லை. கேட்டால் கணக்குப் போடாமல் என்னால் இருக்க முடியாது, நான் அரைநாளின் மகள். மாமா எத்தனை மணிக்குப் போனார் என்று அவளும் இன்றுவரை என்னிடம் கேட்டதில்லை.